நிர்வாக ரீதியில் ஒரு பெண் குழந்தை

அந்த மையத்துக்குள் போவது வெகு சுலபம். வாசலில் கண்ணாடிக் கதவு. ஆள் கிட்டே வருவதற்குள் தானே திறந்துகொள்ளும். உள்ளே குளிர்ந்த காற்று, மெல்லிசாகத் தாலாட்டு இசை, சுவர் முழுக்கக் கொழுகொழுக் குழந்தைகளின் புகைப்படங்கள். கவுண்டரில் இருக்கும் பெண் சிரித்தபடி பெயரைக் கேட்டுக்கொண்டு ஓர் எண்ணைக் கொடுப்பாள். அதற்குப் பிறகு பெயருக்கு அங்கே வேலை இல்லை. வெளியே வருவதுதான் கொஞ்சம் சிக்கல். அதற்கு ஒரு குழந்தை வேண்டும்.

இந்த விவரம் மெத்தைக்காரருக்குத் தெரியவர வருடக்கணக்கில் ஆயிற்று.

மெத்தைக்காரர் என்றதும் ஏதோ கடை முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். கடை வேறொருவருடையது. இவர் அதில் விற்பனையாளர். வருகிறவர்களைப் படுக்கச் சொல்லி, புரளச் சொல்லி, “முதுகு என்ன சொல்லுது?” என்று கரிசனமாக விசாரித்து விற்பவர். இப்படி ஒரு தொழிலில் இருந்துகொண்டு பிள்ளை இல்லாமல் இருப்பதில் உள்ள சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு மாமா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெத்தையையும் பிள்ளையையும் சேர்த்து ஒரு நகைச்சுவை சொல்வார், உலகத்திலேயே தனக்குத்தான் முதன்முதலில் தோன்றியதுபோல. மெத்தைக்காரரும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் சிரிப்பார். சிரிப்பில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. விற்பனையாளர் அல்லவா.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் படித்தவர்கள் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாலும் டீச்சர் பதறமாட்டாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. உலகத்தில் எதுவும் கைமீறிப் போய்விடாது, தன் கால் இருக்கும்வரை, என்ற தைரியம் அவளுக்கு இருந்தது. மையத்தில் சேரும்வரை இருந்தது.

மையத்துக்கென்று தனியாக ஒரு பாஷை உண்டு. அங்கே நோயாளி கிடையாது. பெண்ணுக்கு ‘நம்பிக்கையாளர்’ என்று பெயர். ஆணுக்கு ‘உடன் வருபவர்’. அப்பா ஆகப்போகிறவனைப் போய் உடன் வருபவர் என்கிறார்களே என்று மெத்தைக்காரருக்கு ஆரம்பத்தில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தார். ஊசி அவளுக்கு, மாத்திரை அவளுக்கு, வயிற்று உப்புசமும் தலைவலியும் அவளுக்கு. தனக்கு ஒரு நாற்காலி. பெயரில் பொய் ஒன்றும் இல்லை என்று சமாதானமாகிவிட்டார். ஊசி போடும் பொறுப்பை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். கடையிலிருந்து ஒரு துண்டு ஃபோம் கொண்டுவந்து, அதில் குத்திக் குத்திப் பழகினார். ஃபோம் கத்தவில்லை. டீச்சரும் கத்தவில்லை. ஆனால் ஃபோம் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

தோல்வி என்ற சொல்லும் மையத்தில் கிடையாது. ‘தாமதமான வெற்றி’ என்பார்கள். டீச்சருக்குத் தாமதமான வெற்றிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு தாமதமான வெற்றிக்குப் பிறகும் அழுவதற்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து அழுதால் மற்றவர்களின் நம்பிக்கை அளவு இறங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அறைக்குள் சோபா உண்டு, டிஷ்யூ உண்டு, கூட்டம் அதிகமாக இருந்தால் டோக்கன் உண்டு. உடன் வருபவர்களுக்கு அனுமதி இல்லை. மெத்தைக்காரர் வெளியே கைப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்.

யாருக்காவது நல்ல செய்தி வந்துவிட்டால் கூடத்து ஒலிபெருக்கியில் ஒரு மணி ஒலிக்கும். உடனே எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். மனப்பூர்வமாகத் தட்டுகிறார்களா என்று பார்க்க ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஆரம்பத்தில் மெத்தைக்காரருக்கு இது கஷ்டமாக இருந்தது. போகப்போக மணி ஒலித்தால் கை தானாகத் தட்டப் பழகிவிட்டது. ஒருநாள் கடைத்தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்ததற்கு எழுந்து நின்றுவிட்டார்.

கடைசித் தாமதமான வெற்றிக்கு டீச்சர் டோக்கன் வாங்கவில்லை. நேரே வெளியே வந்து காரில் ஏறினாள். அன்றைக்கு மெத்தைக்காரர்தான் ஓட்டுவதாக ஏற்பாடு. அவர் சாவியைப் போட்டார். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. பக்கத்து இருக்கையில் டீச்சர் தன்னுடைய பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருக்கிற வண்டியில்.

“நிறுத்திடலாங்க,” என்றாள்.

“நின்னுட்டுதானே இருக்கு?”

“வண்டியை இல்ல. இதை எல்லாத்தையும்.”

சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. எதைச் சொன்னாலும் அது மையத்தின் குரலில் வந்துவிடுமோ என்று பயந்தார்.

“ஆனா சும்மா வராம நின்னுடக் கூடாதுங்க,” என்றாள் டீச்சர். “பாதி ரோட்டுல இறங்கி ஓடிப்போன மாதிரி இருக்கும். ஓரங்கட்டி, கியரை எடுத்து, இன்ஜினை அணைக்கணும். யாராவது ஒருத்தர் என்கிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

இவ்வளவு சின்ன ஆசையை நிறைவேற்ற முடியாதா என்று நினைத்துக்கொண்டு மெத்தைக்காரர் மறுநாளே டீச்சரையும் கூட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனார்.

“நிறுத்தணும்மா,” என்றார்.

“என்ன சார் நிறுத்தணும்?”

“சிகிச்சையை.”

கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். “அப்படி ஒண்ணு இதுல இல்லையே சார். ‘அடுத்த தேதி’ இருக்கு. ‘தேதி மாற்றம்’ இருக்கு. ‘பிரசவம்’ இருக்கு.”

“வெறுமனே போறவங்க எல்லாம்?”

“அப்படி யாரும் போனதில்லையே சார்,” என்றாள். அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. அவளுக்கே அப்போதுதான் உறைத்ததுபோல் இருந்தது. பிறகு சட்டென்று சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, “நம்பிக்கை அலுவலரைப் பாருங்க சார்,” என்றாள்.

நம்பிக்கை அலுவலர் டை கட்டிய, மென்மையான மனிதர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். இவர்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நிறுத்தணும்னு தோணுதா? ரொம்ப சந்தோஷம். இது நாலாவது கட்டம்.”

“எதோட நாலாவது கட்டம்?” என்றாள் டீச்சர்.

“சிகிச்சையோடதான். நிறுத்தணும்னு நினைக்கிறதும் சிகிச்சையில ஒரு பகுதிம்மா. நல்ல அறிகுறி. அடுத்தது அஞ்சாவது கட்டம்.”

“அதுல என்ன ஆகும்?”

“மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பீங்க.”

வேறு வழி தெரியாமல் இருவரும் போவதை நிறுத்திக்கொண்டார்கள். மையம் நிறுத்திக்கொள்ளவில்லை. டீச்சரின் போனில் அவர்கள் போட்டுக் கொடுத்திருந்த ஊசி நேரத்து அலாரம், தாலாட்டு மெட்டில், தினமும் வேளை தவறாமல் பாடியது. அழிக்க அழிக்க மறுபடி வந்தது. ஒருமுறை நாற்சந்தியில், முதல் நாள் வண்டி ஓட்ட வந்த ஒரு தாத்தா லாரிக்கு வழிவிடலாமா வேண்டாமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அது பாட ஆரம்பித்தது. “பேரப்பிள்ளை ஞாபகம் வந்துடுச்சு டீச்சர்,” என்று தாத்தா ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். டீச்சரின் கால் இருந்ததால் அவர் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

நம்பிக்கை அலுவலர் நேரே மெத்தைக்கடைக்கே வந்துவிட்டார். “பேசுறதுக்கு ஒரு அமைதியான இடம் வேணுமே,” என்று சுற்றிலும் பார்த்தவர், இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். “நம்பிக்கைங்கறது ஒரு விதை. அது முளைக்கிற வரைக்கும் நாம...” என்று கண்ணை மூடினார். மெத்தைக்காரர் கை கட்டிக்கொண்டு நின்றார். நாம என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. தூங்கிவிட்டார். முதலாளி எட்டிப் பார்த்து, “வியாபாரம் முடிஞ்ச மாதிரிதான். எழுப்பி பில் போடுய்யா,” என்றார்.

கடைசியில் பெரிய டாக்டரையே பார்ப்பது என்று முடிவாயிற்று. மையத்தை நிறுவியவர் அவர்தான். அவர் அறையில் மட்டும் குழந்தைப் படம் கிடையாது. சுவரில் ‘100%’ என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது,” என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தார். “ஆனா நமக்கு ஒரு கொள்கை இருக்கு. நாம யாரையும் கைவிடுறதில்ல. கைவிடுங்கன்னு கால்ல விழுந்தாலும் கைவிடுறதில்ல. போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. ‘டாக்டர், நான் வேலையில இருந்தே ஓய்வு வாங்கிட்டேன், இதுல இருந்தும் விட்டுடுங்க’ன்னு அழறாங்க. விட்டேனா? அடுத்த வாரம் தேதி குடுத்தேன்.”

பெரிய டாக்டர் சுவரைக் காட்டினார்.

“அதோ, நூறு சதவீதம்னு எழுதியிருக்கே, நிறைய பேர் அதைப் பொய்னு நினைக்கிறாங்க. சத்தியமான உண்மை. இந்த மையத்துல சிகிச்சை முடிச்சவங்க அத்தனை பேரும் குழந்தையோடதான் முடிச்சிருக்காங்க. குழந்தை இல்லாதவங்களுக்கு இன்னும் முடியல. அவ்வளவுதான் வித்தியாசம். இதுல தோல்வி எங்க இருக்கு? நீங்களே காட்டுங்க பாப்போம்.”

மெத்தைக்காரர் மனசுக்குள் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “டாக்டர், நானும் சொல்லிக் குடுக்கிறவதான். சிலருக்கு வண்டி வராது. எத்தனை தடவை டெஸ்ட்டுக்குப் போனாலும் வராது. அவங்ககிட்ட ஒருநாள் நானே சொல்லிடுவேன், ‘உங்களுக்கு இது வரலங்க, நீங்க பஸ்லயே போங்க’ன்னு. சொல்றப்ப ரெண்டு பேருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா மறுநாள்ல இருந்து அவங்க நிம்மதியா பஸ்ல போவாங்க. எனக்கும் அதை யாராவது சொல்லிட்டாப் போதும் டாக்டர்.”

பெரிய டாக்டர் நெகிழ்ந்துபோனார். உண்மையாகவே நெகிழ்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அருமையா சொன்னீங்கம்மா. நம்ம ஆண்டு மலர்ல இதைப் போட்டுக்கலாமா? பஸ்ல போறதை மட்டும் எடுத்துடுவோம்.”

வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் ஆள் குறைவு. கவுண்டர் பெண் டப்பாவை மூடிவைத்துவிட்டு இவர்களைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு கையசைத்துக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் ஒண்ணு பண்ணட்டுமா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ‘பிரசவம்’னு போட்டுட்டா கம்ப்யூட்டரே உங்களைச் சிகிச்சைப் பட்டியல்ல இருந்து எடுத்துடும். அலாரம் வராது. அலுவலர் வரமாட்டார். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

மெத்தைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் களைத்துப் போயிருந்தாள். “போட்டுடும்மா,” என்றாள்.

“ஆணா பொண்ணான்னு கேக்குது.”

“பொண்ணு.”

டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மெத்தைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் யார் கேட்டாலும், அவரே கேட்டாலும், “எதுவானாலும் சரி” என்பதைத் தவிர வேறு பதில் அவள் வாயில் வந்ததில்லை.

“எடை?”

“மூணு கிலோ,” என்றார் மெத்தைக்காரர். தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இருந்தது.

“சுகப்பிரசவமா, ஆபரேஷனா?”

“சுகப்பிரசவம்னே போடும்மா. நம்ம கையில இருக்கறப்ப அவளுக்கு எதுக்குக் கஷ்டம்?” என்றார் மெத்தைக்காரர்.

“பிறந்ததும் அழுதுச்சான்னு கேக்குது சார்.”

“நல்லா அழுதுச்சு,” என்றாள் டீச்சர்.

கவுண்டர் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள். கூடத்து ஒலிபெருக்கியில் மணி ஒலித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்று தட்டினார்கள். மெத்தைக்காரரும் டீச்சரும் வழக்கம்போலத் திரும்பி நின்று மனப்பூர்வமாகத் தட்டினார்கள். யாருக்கோ நல்ல செய்தி, பாவம், நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒருவர் பூங்கொத்தும் ஒரு கூடையும் கொண்டுவந்து டீச்சர் கையில் திணித்தார். கூடைக்குள் குட்டித் தொப்பி, குட்டிக் காலுறை, ஒரு பால் புட்டி.

காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் மெத்தைக்காரரின் அக்காவிடமிருந்து போன் வந்தது. வருடங்களுக்கு முன்னால், அவசரத்துக்குத் தகவல் சொல்ல யார் எண்ணைக் கொடுப்பது என்று கேட்டதற்கு அக்காவின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். மையத்தின் கம்ப்யூட்டர் அவசரமாகத் தகவல் சொல்லியிருந்தது.

“ஏண்டா, கூடப் பொறந்தவகிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்னடா பண்ணிட்டேன் உனக்கு? போன மாசம்கூட அவளைப் பாத்தேனே, குச்சி மாதிரி இருந்தாளே! வயிறே தெரியலையேடா!”

“அக்கா, அது நிஜமா பொறக்கல. கம்ப்யூட்டர்ல பொறந்திருக்கு.”

“கம்ப்யூட்டர்லயே வந்துடுச்சா இப்ப?” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. “எதுவா இருந்தா என்னடா. நல்லபடியா இருக்கா? யாரு ஜாடை?”

அவளுக்கு உண்மையைப் புரியவைக்க அவருக்கு அன்று மாலைவரை ஆயிற்று. புரிந்த பிறகு அவள் திட்டவில்லை. “அப்ப அதுவும் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். அவள் இருநூறு தடவை திட்டியிருக்கலாம், அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று மெத்தைக்காரருக்குப் பட்டது.

அடுத்த வாரம் அந்தப் பிரசவப் பதிவை நீக்கச் சொல்லி மறுபடியும் மையத்துக்குப் போனார்கள். கவுண்டர் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறந்ததை அழிக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லையாம். மெத்தைக்காரர் அவளைக் காட்டிக்கொடுக்காமல், எங்கோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் பெரிய டாக்டரிடம் சொன்னார்.

“டாக்டர், எங்களுக்குக் குழந்தை பொறக்கவே இல்ல.”

“அது மருத்துவ ரீதியில,” என்றார் பெரிய டாக்டர். “நிர்வாக ரீதியில பொறந்தாச்சு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. இப்ப நான் பொறக்கலன்னு போட்டேன்னு வைங்க, அன்னைக்குக் கூடத்துல கைதட்டினாங்களே அத்தனை பேர், அவங்க நம்பிக்கை என்ன ஆகறது? நூறு சதவீதம் என்ன ஆகறது? ஒரு குடும்பத்தோட சின்னச் சௌகரியத்துக்காக ஆயிரம் குடும்பத்தை நான் ஏமாத்த முடியுமா?”

“அப்ப இதுக்கு வேற வழியே இல்லையா டாக்டர்?”

“இருக்கே. இறப்புன்னு போட்டுக்கலாம். தாராளமா போட்டுக்கலாம். அது குழந்தைகள் பிரிவோட கணக்குல போயிடும், எங்க சதவீதத்தைத் தொடாது. இன்னைக்கே முடிச்சுக்கோங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.” பேனாவை மூடியவர், “குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கவுண்டருக்குத் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். பெண் குழந்தை, மூன்று கிலோ, சுகப்பிரசவம், நன்றாக அழுதது. கீழே ஒரு சின்னக் கட்டம். அதில் அம்புக்குறி துடித்துக்கொண்டிருந்தது.

“தட்டிடட்டுமா சார்?”

“தட்டிடும்மா,” என்றார் மெத்தைக்காரர்.

“வேண்டாம்,” என்றாள் டீச்சர்.

“டீச்சர், இல்லாத பிள்ளைதானே?”

“இல்லாததுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“வேண்டாங்க. அதைப் போட வேண்டாம்.”

“போன் வந்துட்டே இருக்கும். தடுப்பூசிக்குக் கூப்பிடுவாங்க, பொறந்தநாளுக்குக் கூப்பிடுவாங்க. தாங்குவியா?”

“அவ பாட்டுக்கு ஒரு மூலைல இருந்துட்டுப் போறா. உங்களுக்கு என்ன தொந்தரவு?”

மெத்தைக்காரர் எதிரே இருக்கிறவரின் முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்தே பிழைப்பு நடத்தியவர். டீச்சரின் முதுகைப் பார்த்தார். “விட்டுடும்மா,” என்றார். கவுண்டர் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள். கூடத்தில் அழுவதற்கு ஊழியர்களுக்கும் அனுமதி இல்லை; குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தாள்.

வெளியே போகும் வழியில் சுவரில் அவர்களுடைய எண் கண்ணில் பட்டது. இவர்கள் படம் கொடுக்காததால் மையமே ஒரு பொதுக் குழந்தையின் படத்தைப் போட்டிருந்தது. இரட்டை நாடியும் தொப்பியுமாக அது வாயைத் திறந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதே குழந்தை நாலைந்து இடத்தில் வேறு வேறு எண்களுக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்ததை மெத்தைக்காரர் கவனித்தார். சொல்லவில்லை.

டீச்சர் வெகுநேரம் பார்த்தாள். “மூக்கு உங்களோடதுதான்,” என்றாள்.

“பாவம்,” என்றார் மெத்தைக்காரர்.

கண்ணாடிக் கதவு திறந்துகொண்டது.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அலாரமும் அலுவலரும் போய், ‘மழலை மகிழ்ச்சிப் பிரிவு’ வந்தது. தடுப்பூசிக்கு ஞாபகப்படுத்தினார்கள். தலை நின்றதா என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் போன் வந்தால் மெத்தைக்காரர் பாய்ந்து எடுத்து, கடையில் கடன் கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதுபோல் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். டீச்சர் காதில் விழாததுபோல் இருப்பாள். உதிரிக் கேள்விகள் குறைந்து, மாதங்கள் ஓடின. டீச்சரிடம் கற்றுக்கொண்ட தாத்தா லைசென்ஸ் வாங்கிவிட்டார். முதலாளி கடையை விரிவாக்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மெத்தைக்காரர் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். போன் அவள் பக்கத்தில்தான் கிடந்தது. அடித்ததும் அவளே எடுத்து, கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம் மேடம்! மழலை மகிழ்ச்சிப் பிரிவுல இருந்து பேசறோம். பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் வாழ்த்துகள் மேடம்!”

மெத்தைக்காரர் பாதி எழுந்துவிட்டார். டீச்சர் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.

“தேங்க்ஸ்மா.”

“கொஞ்சம் கேள்விகள் இருக்கு மேடம். பாப்பா நடக்கறாளா?”

டீச்சர் ஒரு தலையணை உறையின் சுருக்கத்தை நீவினாள். “இன்னும் இல்ல. பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.”

“பல்லு மேடம்?”

“கீழ ரெண்டு.”

“யாரைப் பாத்தா அதிகமா சிரிக்கிறா?”

“அவங்க அப்பாவைத்தான். அந்த மூஞ்சியைப் பாத்தாலே அவளுக்குச் சிரிப்பு.”

மெத்தைக்காரர் தன் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப அழகு மேடம். பாப்பா பக்கத்துல இருக்காளா? அவ குரலை ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்கலாமா? எங்க விளம்பரத்துக்கு...”

“தூங்கறாம்மா. இப்பதான் தூங்கினா.”

மெத்தைக்காரர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார்.

“பரவால்ல மேடம். கடைசியா ஒரு கேள்வி. அடுத்த குழந்தைக்கு எப்ப வர்றீங்க? பழைய நம்பிக்கையாளர்களுக்கு இப்ப சலுகை இருக்கு.”

டீச்சர் உறையை நாலாக மடித்து, அடுக்கில் வைத்தாள்.

“இல்லம்மா. எங்களுக்கு ஒண்ணு போதும்.”

“நிச்சயமா மேடம்? ஒண்ணு போதும்னு சொன்னீங்கன்னா உங்க ஃபைலை முடிச்சிடுவோம். அப்புறம் நாங்க கூப்பிட மாட்டோம்.”

“முடிச்சிடும்மா.”

மறுமுனையில் பொத்தான்களைத் தட்டும் சத்தம் கேட்டது. “முடிஞ்சுது மேடம். நன்றி, வணக்கம்.”

டீச்சர் மிச்சத் துணிகளையும் மடித்தாள். அலமாரியில் வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் யாரோ கோல் போட்டிருந்தார்கள். ஓடினார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள், நரம்பு புடைக்கக் கத்தினார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. ரிமோட் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

“யாரு ஜெயிக்கிறாங்க?” என்று டீச்சர் கேட்டாள், கிசுகிசுப்பாக.

“தெரியல,” என்று அவரும் அதே குரலில் சொன்னார்.